சீமாட்டியின் உணவு வட்டம்

சீமாட்டிக்கு வயதான காலத்தில் இளமை திரும்பிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். எல்லோரும் என்றால் இரண்டே பேர். ஒருவர், லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலேயே தலை நரைத்துப்போன குடும்பத் தலைவர். இன்னொருவர் அவர் மனைவி; பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி நடத்தி, வீட்டிலும் யாராவது கொட்டாவி விட்டால் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்லிவிடுவாளோ என்று நினைக்க வைக்கும் டீச்சர். சீமாட்டி என்பது பூனை. மகள் கல்யாணமாகிப் போகும்போது மற்ற எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு, பூனையை மட்டும் அப்பா மடியில் விட்டுவிட்டு, "இவளை நல்லா பாத்துக்கோங்கப்பா" என்று அழுதுவிட்டுப் போனாள். அப்பாவையும் அம்மாவையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளும்படி பூனையிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் பூனையும் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

பதின்மூன்று வயதுப் பூனை திடீரென்று ஜன்னல் திரையைப் பிடித்து ஏறியது. ஃபிரிட்ஜ் உச்சியிலிருந்து சோபாவுக்குத் தாவியது. தட்டில் வைத்ததைத் தின்றுவிட்டு, வைக்காததற்கும் சேர்த்துக் கத்தியது. லிஃப்ட்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா டீச்சர், இந்த வயசுல என்ன வேகம்! எனக்கும் இருக்கே ஒரு முட்டி, மாடிப்படியைப் பாத்தாலே அழுவுது."

"வேகம் சரிங்க. தின்னுறதெல்லாம் எங்கே போகுது? முதுகெலும்பை ஒண்ணொண்ணா எண்ணிடலாம் போல இருக்கு."

டீச்சர் சொல்கிறாள் என்றால் எண்ணிவிட்டுத்தான் சொல்லியிருப்பாள். அன்று மாலை பூனையை மடியில் வைத்துத் தடவியபோது அவர் கைக்கும் அது தட்டுப்பட்டது. மெத்துமெத்தென்று இருந்த உடம்பு, ரோமம் போர்த்திய எலும்பாகியிருந்தது. நெஞ்சில் விரல் வைத்தார். இதயம் துடித்தது என்று சொல்ல முடியாது; ஓடிக்கொண்டிருந்தது. பாரமே இல்லாமல் சூடேறிச் சுற்றும் மோட்டார்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அதற்குப் பெயர் சுறுசுறுப்பு இல்லை. கருகுவதற்கு முந்தைய கட்டம்.

பூனைக்கு இரத்தம் எடுத்துப் பார்க்க ஊரில் இருந்தது ஒரே இடம்தான்: பூனை நல்வாழ்வு நிலையம். பளபளவென்று கண்ணாடிக் கட்டடம். வரவேற்பறைச் சுவரில் இயக்குநர் படம் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது. தேடிப் பார்த்தால் அவர் காலடியில் ஒரு பூனைப் படமும் இருந்தது. மேலே கொட்டை எழுத்தில், "நோய் பூனைக்கு, பொறுப்பு உங்களுக்கு."

உள்ளே ஒரு இளம் டாக்டர் சீமாட்டியின் கழுத்தை இரண்டு விரலால் மெல்ல நீவிப் பார்த்தார். இரத்தம் எடுத்தார். எண் வந்ததும் விளக்கினார்.

"தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி சுரக்குது சார். அதான் எவ்வளவு தின்னாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது. வயசான பூனைங்களுக்கு வர்றதுதான், பயப்படாதீங்க. விட்டுட்டா இதயம் தாங்காது. ஆனா வழி இருக்கு. அயோடின் ரொம்பக் குறைவா உள்ள தனி உணவு ஒண்ணு இருக்கு. அதை மட்டுமே கொடுத்தா சுரப்பு தானா குறையும். வேற எதுவும் ஒரு நக்கு கூடக் கூடாது, முக்கியமா கடல் மீன். அது முடியாதுன்னா மாத்திரை..."

"மாத்திரை" என்ற சொல் காற்றில் கலந்ததுதான் தாமதம், பக்கத்து அறைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மாள் வந்து நின்றார். வெள்ளைக் கோட்டு, இறுக்கிய கொண்டை, கழுத்தில் அடையாள அட்டை: தலைமை உணவு நெறியாளர்.

"டாக்டர், நீங்க போகலாம்," என்றார் நெறியாளர். டாக்டர் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. கூண்டு கழுவும் பிரிவை வலுப்படுத்த அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள்.

"மாத்திரைங்கிறது எங்க உணவு நெறியில தோத்துப்போன குடும்பங்களுக்கு," என்று நெறியாளர் தொடர்ந்தார்.

"அப்படி எத்தனை குடும்பம் தோத்திருக்கும்மா?" என்று டீச்சர் கேட்டாள்.

"ஒண்ணு கூட இல்லை. முடிச்சாத்தானே மேடம் தோக்க முடியும்? எங்க நெறியை இதுவரைக்கும் யாரும் முடிச்சதில்லை."

அந்தத் தனி உணவு சாம்பல் நிற உருண்டைகளாக ஒரு பையில் வந்தது. நெறியில் சேர்ந்த குடும்பங்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள்; வெளியே எங்கும் கிடைக்காது. சேர்ந்தால் நாள்விட்டு நாள் பூனையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். எடை அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் பூனை மட்டும் போகும்; எடை பார்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள்.

வீட்டில் டீச்சர் சட்டம் போட்டாள். சீமாட்டியின் தட்டில் சாம்பல் உருண்டையைத் தவிர வேறு எதுவும் விழக்கூடாது. சீமாட்டி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, வீட்டு வேலைக்காரர்கள் இருவரில் யாரை முதலில் நீக்குவது என்று யோசிப்பதுபோல் உட்கார்ந்திருந்தது. பிறகு பசி ஜெயித்தது. தின்றது. லிஃப்ட்காரர் தான் சாப்பிடும்போது பூனையின் கண்ணைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்.

அடுத்த இரத்தப் பரிசோதனையில் எண் துளிகூட இறங்கவில்லை.

நெறியாளர் எண்ணைப் பார்த்துவிட்டு, பூனையைப் பார்க்காமல், நேராக லிஃப்ட்காரரைப் பார்த்தார்.

"வீட்டுல யாரு கொஞ்சம் இளகின மனசு?"

டீச்சரின் தலை தானாகக் கணவர் பக்கம் திரும்பியது. இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் கழுத்துக்கு ஏற்பட்ட பழக்கம்.

"சத்தியமா நான் எதுவும் கொடுக்கலைங்க," என்றார் அவர்.

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க," என்றார் நெறியாளர் கனிவாக.

மறுநாள் நெறியாளர் வீட்டுக்கே வந்தார். உப்பு ஜாடி போயிற்று. அலமாரியிலிருந்து பூனையின் பழைய மீன் டப்பா போயிற்று. லிஃப்ட்காரரின் பத்து விரல்களையும் பஞ்சால் துடைத்து எடுத்துப்போனார். பற்பசையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். போகும்போது டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், உங்களைத்தான் நம்பியிருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாராவது தன்னை நம்பினால் டீச்சருக்குப் போதும். அன்றிலிருந்து கணவர் வேலை முடித்து வீட்டுக்குள் நுழையும்போது அவள் அவருடைய கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். கல்யாணமான புதிதிலும் அவள் அவர் கையைப் பிடித்து முகர்ந்தவள்தான். அப்போது காரணம் வேறு.

"கிரீஸ் வாசனைதான் வருது," என்பாள்.

"வேற என்ன டீச்சர் வரும், நாள் பூரா லிஃப்ட் குழிக்குள்ள கிடக்கிறவன் கையில?"

"அப்புறம் ஏங்க எண் இறங்கல? உருண்டை ஒண்ணு, பூனை ஒண்ணு. அது சரியா இருந்து இது சரியா இருந்தா விடை சரியா வரணும். வரலைன்னா நடுவுல யாரோ தப்பு பண்றாங்க."

நடுவில் இருப்பது தான் ஒருவர்தான் என்பதால் அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. ஆனால் அன்று முதல் வீட்டில் பேச்சு குறைந்தது. மகள் போனில் கூப்பிட்டு, "சீமாட்டி எப்படிப்பா இருக்கா?" என்று கேட்கும்போதெல்லாம் டீச்சர் போனை அவரிடம் கொடுத்து, "நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மூன்றாவது பரிசோதனையிலும் எண் அசையாமல் நின்றபோது இயக்குநரே அவர்களை அழைத்துவிட்டார். அவர் அறையில் பூனைகளுக்கு அனுமதி இல்லை. சீமாட்டியின் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

"உக்காருங்க. நான் வெளிப்படையா பேசுறவன்," என்று இயக்குநர் தொடங்கினார். பேச்சில் பெருமை பொங்கியது. "பூனைக்கு நோய் வர்றதே இல்லை சார். குடும்பத்துக்குத்தான் நோய் வருது. பூனை அதைக் காட்டிக் கொடுக்குது, அவ்வளவுதான். இந்த உண்மை தெரிஞ்சதும் நாங்க என்ன பண்ணோம் தெரியுமா? பூனையைப் பாக்கிறதையே விட்டுட்டோம்! நான் இங்க பொறுப்பேத்ததிலிருந்து ஒரு பூனையைக் கூடத் தொட்டதில்லை. எனக்கு ரோமம் ஒத்துக்காது. அதனாலதான் என்னால நடுநிலையோட இருக்க முடியுது."

"அவளுக்கு இதயம் படபடன்னு அடிச்சுக்குதுங்க ஐயா," என்றார் லிஃப்ட்காரர். "மாத்திரை கொடுத்தீங்கன்னா..."

"உணர்ச்சிவசப்படுறீங்க. அதுதான் நோய்." இயக்குநர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். "பூனையோட உணவைப் பகிர்ந்துக்கிறவங்க, பகிர்ந்துக்க வாய்ப்பிருக்கிறவங்க எல்லாரும் ஒரே உணவு வட்டம். வட்டத்துல யார் உடம்புல தடை செஞ்ச பொருள் போனாலும் மொத்த வட்டமும் கண்காணிப்புக்குள்ள வரணும். உங்களையும் பூனையையும் உள்ளே சேர்க்கிறோம். மேடம் வெளியிலேயே இருக்கட்டும், அவங்க மேல சந்தேகம் இல்லை."

"எத்தனை நாளைக்கு?"

"எண் இறங்கற வரைக்கும்."

"வரமாட்டேன்னா?"

"தாராளமா. நாங்க யாரையும் கட்டாயப்படுத்துறதில்லை. உணவை மட்டும் நிறுத்திடுவோம்."

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். வாசலில் கூடைக்குள்ளிருந்து சீமாட்டி ஒருமுறை கத்தியது.

கண்காணிப்பு அறை மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் சுவர். ஒரு கட்டில், பூனைக்கு ஒரு கூடை, கதவில் தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. கதவுக்குப் பூட்டு கிடையாது. முதல் நாளே அவர் தாழ்ப்பாளை ஆராய்ந்து பார்த்துவிட்டு அயர்ந்துபோனார். சின்னப் பிள்ளை தள்ளினாலும் திறக்கும் கதவு.

பார்க்க அனுமதித்த அந்த ஒரே நாளில் டீச்சர் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று, "ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் திறந்து ஆளை வெளியே எடுக்கிறீங்க, இங்கே வந்து இப்படி உக்காந்திருக்கீங்களே," என்றாள். கேலி மாதிரிதான் சொன்னாள். குரல் கேலிக்கு ஒத்துழைக்கவில்லை.

"லிஃப்டுல மாட்டுனவனை வெளியே எடுக்கணும்னு எல்லாருக்கும் ஆசை இருக்கும் டீச்சர். உள்ளே இருக்கிறவனுக்கும் இருக்கும். இங்கே கதவு திறந்தே இருக்கு. நான் வெளியே வந்தா இவ செத்துடுவா. இதுக்கு எந்த ஸ்பானரைப் போடுறது?"

அவருடைய சாப்பாடும் வட்டத்துக்குள் வந்துவிட்டதால் உப்பில்லாமல், மணமில்லாமல், நெறியாளர் அளந்து கொடுத்த அளவில் வந்தது. அவித்தது என்று சொல்லலாம். என்ன அவித்தது என்று சொல்ல முடியாது. நாக்கு செத்துப்போய், ஒருநாள் சீமாட்டியின் சாம்பல் உருண்டையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். தன்னுடையதைவிட அது எவ்வளவோ மேலாக இருந்தது. அதற்குமேல் எடுத்தால் அவளுக்குக் குறையும் என்று கையை மடக்கிக்கொண்டார்.

உள்ளே வந்த மறுநாள் மணியடித்தது. கன்னத்தில் குழி விழச் சிரித்தபடி ஒரு பெண் திறப்பருகே வந்தாள். கையில் ஒரு சின்னத் தட்டு. தட்டில் மூன்று பிஸ்கட்.

"சீமாட்டிச் செல்லத்துக்கு அன்பு வேளை!" என்று பாட்டுப்போல் சொல்லிவிட்டு, தட்டை உள்ளே தள்ளினாள். சீமாட்டி ஒரே பாய்ச்சலில் வந்து, அவர் எழுந்து நிற்பதற்குள் மூன்றையும் விழுங்கிவிட்டு மீசையை நக்கியது. அறை முழுக்கக் கருவாட்டு வாசனை.

லிஃப்ட்காரர் காலித் தட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன?"

"மீன் பிஸ்கட் சார். சுத்தமான கடல் மீன், நாங்களே தயார் பண்றது. எடை பாக்க வர்ற எல்லாப் பூனைக்கும் கொடுப்போம். சீமாட்டிக்கு ரொம்பப் பிடிக்கும். நான்தான் எப்பவும் கொடுப்பேன்."

"அவளுக்குச் சாம்பல் உருண்டையைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாதும்மா! ஒரு நக்கு கூடக் கூடாதுன்னு உங்க டாக்டர்தான் சொன்னார்!"

"அது உணவு சார்," என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். "இது உணவு இல்லை. அன்பு. நான் அன்புப் பிரிவு."

அவர் கத்திய கத்தலில் நெறியாளர் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் நெறியாளரின் முகம் சாந்தமாகிவிட்டது.

"சார், உணவுப் பிரிவு கொடுக்கிறதுதான் உணவு. நான் அந்த பிஸ்கட்டைக் கொடுக்கல. அதனால அது கணக்குல வராது."

"பூனை வயித்துல வருதேம்மா!"

"வயிறு எங்க பிரிவு இல்லை. வயித்துக்கு முந்தி வரைக்கும்தான் நாங்க."

"சரி, அவங்ககிட்ட சொல்லி நிறுத்தச் சொல்லுங்க."

நெறியாளரும் அன்புப் பிரிவுப் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே கட்டடத்தில் பல வருஷமாக வேலை செய்தும் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய அவசியம் வராதவர்கள் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"அன்பை நிறுத்தணும்னா அதைப் பெறுறவங்கதான் மறுக்கணும்," என்றாள் அந்தப் பெண். "சீமாட்டி மறுக்கவே இல்லையே சார். இப்பக்கூடப் பாத்தீங்கல்ல?"

இயக்குநர் சுற்றி வந்தபோது லிஃப்ட்காரர் அவரிடமும் முறையிட்டார். இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நீங்க சொல்றது உண்மைன்னா, தப்பு நிலையத்தோடதுன்னு ஆயிடும். நிலையம் தப்பு பண்ணாதுங்கிறதுனால நீங்க சொல்றது உண்மையில்லை. இதுல சிக்கலே இல்லை சார், நீங்கதான் சிக்கலாக்கிக்கிறீங்க. அன்புப் பிரிவை நான்தான் தொடங்கினேன். நம்ம நிலையத்துல பூனைங்க சந்தோஷமா இருக்கான்னு போன வருஷம் ஒரு ஆய்வு பண்ணோம். பூனைங்க எதுவும் சொல்லல. சந்தோஷத்துல பேச்சு வரல போலிருக்குன்னு முடிவு பண்ணி, பிரிவை ரெண்டு மடங்கா விரிவாக்கிட்டோம்."

லிஃப்ட்காரர் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார். தட்டு திறப்பு வழியாக உள்ளே வருகிறது. உள்ளே வந்த பிறகுதான் பூனை தின்கிறது. இடையில் ஒரு கணம் இருக்கிறது.

அடுத்த முறை மணியடித்தபோது அவர் கதவருகே முட்டி போட்டுத் தயாராக இருந்தார். அந்த முட்டி அழுதது. அவர் சட்டை செய்யவில்லை. தட்டு உள்ளே வந்ததும் மூன்று பிஸ்கட்டையும் வாரி வாயில் போட்டுக்கொண்டார். கருவாட்டை மரத்தூளில் பிசைந்ததுபோல் இருந்தது. கீழே போட்டால் பூனை பொறுக்கும். பையில் வைத்தால் பையைக் கிழிக்கும். குப்பைக் கூடை அறைக்குள் கிடையாது. வயிறு ஒன்றுதான் அவருக்குப் பத்திரமான இடமாகப் பட்டது. சீமாட்டி அவர் மணிக்கட்டில் நான்கு கோடு கிழித்துவிட்டு, கூடைக்குள் போய் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

"நீ என்னைத் திட்டு. பரவாயில்லை," என்றார் பூனையிடம், வாயெல்லாம் தூளாக.

கண்ணாடிக்கு வெளியே நெறியாளர் பக்கத்திலிருந்த பயிற்சி மாணவர்களுக்கு மெல்லிய குரலில் விளக்கினார்: "கவனிங்க. உணவளிப்பவரோட கட்டுப்பாடில்லாத ஆசை. பூனையோடதைக் கூட விட்டு வைக்கிறதில்லை. இவ்வளவு நாளா வீட்டுல என்ன நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

அன்பு வேளை தோறும் அவர் தின்றார். பிஸ்கட் ஏப்பம் வரும்போதெல்லாம் கண்ணில் நீர் வந்தது. ஆனால் சீமாட்டி மெல்ல மெல்லத் தாவுவதை நிறுத்தியது. கத்தலும் குறைந்தது. ஒரு மதியம் அதுவாகவே வந்து அவர் மடியில் சுருண்டு படுத்தது. விரலை நெஞ்சில் வைத்தார். மோட்டார் அடங்கி, ஒழுங்காக, பாரம் சுமந்து ஓடுகிற ஓட்டம். முதுகெலும்பின் மேல் சதை ஒரு மெல்லிய மெத்தைபோல் ஏறியிருந்தது. அவர் அந்த நிலையிலேயே அசையாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பரிசோதனைக்கு இருவருக்குமே இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று இயக்குநரும் நெறியாளரும் பூச்செண்டோடு வந்தார்கள். டீச்சரையும் வரவழைத்திருந்தார்கள்.

"நெறி வெற்றி!" என்றார் இயக்குநர். "சீமாட்டியோட எண் கச்சிதமா இறங்கிடுச்சு. பூனை வீட்டுக்குப் போகலாம்."

டீச்சரின் கண் பளிச்சென்று மின்னியது. "அப்ப இவரு?"

"அதான் மேடம்," நெறியாளர் குரலைத் தாழ்த்தினார். "இவர் எண் ஏறியிருக்கு. உடம்பு பூரா அயோடின். இப்ப வட்டத்துல நோயாளி இவர்தான். இவரை விட முடியாது. இவர் போனா வட்டம் உடைஞ்சுது. வட்டம் உடைஞ்சா உணவு கிடையாது. அந்த உணவு பூனைக்கு ஆயுசு பூரா வேணும், தெரியுமில்லையா?"

"என்னங்க தின்னீங்க நீங்க?" டீச்சர் கண்ணாடியில் கை வைத்துக் கேட்டாள்.

அவர் சொன்னார். சாம்பல் உருண்டை உணவு, மீன் பிஸ்கட் அன்பு என்பதைச் சொன்னார். நாள்விட்டு நாள் எடை பார்க்கும் சாக்கில் கதவுக்கு அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சொன்னார். முட்டி போட்டுத் தின்றதைச் சொல்லும்போது மட்டும் வெட்கமாக இருந்ததால் கொஞ்சம் விழுங்கிச் சொன்னார்.

டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தாள். வகுப்பில் ஒரு பிள்ளை சரியாகப் போட்ட கணக்கைத் தான் அவசரத்தில் தப்பென்று அடித்துவிட்டதைக் கண்டுபிடிக்கும்போது வருகிற முகம் அவளுக்கு வந்தது.

"கையை நீட்டுங்க," என்றாள்.

திறப்பு வழியாக அவர் கையை நீட்டினார். மணிக்கட்டு முழுக்கக் கீறல். அவள் அதைப் பிடித்து முகர்ந்து பார்க்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டாள்.

"மீன் பக்கத்துலயே வராத மனுஷன்," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"மேடம்! மேடம், நீங்க வட்டத்துல இல்லை!" என்று பதறினார் நெறியாளர்.

"எப்படி வர்றது வட்டத்துக்குள்ள?"

"இவர் சாப்பாட்டைப் பகிர்ந்துக்கிட்டாத்தான்..."

டீச்சர் அவருடைய தட்டிலிருந்து அவித்தது ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி விழுங்கினாள். "வந்துட்டேன். தள்ளி உக்காருங்க," என்று கட்டிலில் இடம் பிடித்தாள்.

"ஏன் டீச்சர் உனக்கு இந்த வேலை? வெளியே ஒருத்தராவது இருக்கணும்ல?"

"வெளியே இருந்து நான் கிழிச்சது போதும்."

விதி ஒன்று பாக்கியிருந்தது. பூனைக்கு உணவளிப்பவர் என்று பதிவாகியிருந்தவர் லிஃப்ட்காரர். வேறு யார் கையிலும் அது தின்னக் கூடாது. ஆகவே குணமான சீமாட்டிக்கு விடுதலையும் ஆயிற்று, உள்ளேயே இருக்கவும் வேண்டியதாயிற்று. மூன்று பேரும் கண்ணாடிக்குள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இயக்குநர் மனம் நெகிழ்ந்துபோனார். ஒரு முழுக் குடும்பம் நெறிக்குள் வந்தது நிலையத்தின் வரலாற்றிலேயே முதல் முறை. அதைக் காட்டுவதற்கென்றே வெளியூர்ப் பெரிய மனிதர்களையும் கேமராக்காரர்களையும் அழைத்தார்.

விருந்தினர் வந்து நின்ற நேரம் அன்பு வேளையாக அமைந்தது. மணி அடித்தது. இப்போது நோயாளி லிஃப்ட்காரர். எனவே அன்பும் அவருக்குத்தான். "சாருக்கு ரொம்பப் பிடிக்கும்!" என்று விருந்தினரிடம் சொல்லியபடி அந்தப் பெண் தட்டை உள்ளே தள்ளினாள். சீமாட்டி தலையைத் தூக்கியது. அவர் வழக்கம்போல் முட்டி போடப் போனார்.

டீச்சர் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டாள்.

"நீங்களே எல்லாத்தையும் தின்னா உங்க எண் என்னிக்கும் இறங்காது. உங்களுக்கு ஒண்ணு." கொடுத்தாள். "எனக்கு ஒண்ணு." வாயில் போட்டுக்கொண்டாள். முகம் கோணியது, விழுங்கினாள். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடியருகே போனாள்.

"ஐயா," என்றாள் இயக்குநரிடம், வகுப்பறைக் குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "எங்க குடும்பத்துக்காக நீங்க எவ்வளவோ பண்ணியிருக்கீங்க. இது எங்க அன்பு. நீங்க வாங்கிக்கணும்."

"ஐயோ, எதுக்கும்மா அதெல்லாம்..."

"இது உணவு இல்லைங்கய்யா. அன்புதான்."

கேமராக்கள் திரும்பின. ஒரு பெரிய மனிதர் கைதட்டத் தொடங்கினார். அன்புப் பிரிவைத் தொடங்கியவர் அன்பை மறுப்பது எப்படி? இயக்குநர் சிரித்துக்கொண்டே திறப்பில் கை நீட்டி வாங்கி, கடித்து, மென்று, சிரிப்பு மாறாமல் விழுங்கினார். அதற்கு அவர் பட்ட பாடு கழுத்து நரம்பில் தெரிந்தது.

டீச்சர் நெறியாளரைப் பார்த்தாள்.

"நோயாளி தட்டுலேருந்து சாப்பிட்டிருக்காரு. இப்ப இவரு எந்த வட்டம்மா?"

நெறியாளர் வாழ்நாள் முழுவதும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நம்பியவர். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கதவைத் திறந்து பிடித்தார்.

"ஐயா, உள்ளே வாங்க."

"என்ன விளையாட்டு இது?" என்றார் இயக்குநர், உதட்டை அசைக்காமல்.

"நெறிங்கய்யா. நீங்க எழுதினது."

"ஆஹா! இயக்குநரே தானே முன்வந்து உள்ளே போறாரு!" என்றார் கைதட்டிய பெரிய மனிதர். "இப்படி ஒரு முன்மாதிரியை நான் எங்கேயும் பாத்ததில்லை!" கைதட்டல் பலத்தது. அந்த ஓசையிலேயே இயக்குநர் மெல்ல மெல்ல நகர்ந்து உள்ளே வந்து சேர்ந்தார். கதவு சாத்திக்கொண்டது. படம் எடுத்தார்கள். விருந்தினர் சிற்றுண்டிக்குப் போனார்கள்.

உட்கார இடம் தேடிய இயக்குநர், கட்டிலின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டார். சீமாட்டி புது மடியைக் கண்டு அதில் ஏறிப் படுத்தது. அவர் உடனே தும்மினார். தும்மலுக்கு நடுவில் கண்ணாடியைத் தட்டி நெறியாளரைக் கூப்பிட்டார்.

"போதும்மா, அவங்க போயாச்சு. கதவைத் திறங்க. எங்க எல்லாரையும் விட்டுடுங்க."

"விடுவிக்க இயக்குநர் உத்தரவு வேணுங்கய்யா."

"நான்தானே இயக்குநர்? இதோ, உத்தரவு போடுறேன்!"

நெறியாளர் உண்மையான வருத்தத்தோடு தலையசைத்தார். "உள்ளே இருக்கிறவங்க சொல்றதை எதுவும் எடுத்துக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க? நீங்க வெளியே வந்து சொன்னீங்கன்னா உடனே விட்டுடுறேன்."

இயக்குநர் எழுந்து, பூட்டில்லாத அந்தக் கதவின் மேல் கையை வைத்தார். தள்ளவில்லை. கையை வைத்தபடியே நின்றார்.

"தள்ளிட்டு வெளியே போனா என்ன ஆகும்?" என்று லிஃப்ட்காரரிடம் திரும்பிக் கேட்டார். லிஃப்ட்காரரை அவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் முறை.

"வட்டம் உடைஞ்சிடும்ங்கய்யா," என்றார் லிஃப்ட்காரர். "இவளுக்கு உணவை நிறுத்திடுவாங்க. அப்புறம் நீங்களே உத்தரவு போட்டாலும் நெறியில இடமில்லை."

"பூனைக்குத்தானே? எனக்கு ஒண்ணும் இல்லையே?"

அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சீமாட்டி காலடிக்கு வந்து, தும்மலைப் பொருட்படுத்தாமல் அவர் காலணி மேல் உடம்பைச் சாய்த்து நின்றது. அவர் குனிந்து பார்த்தார். அது அவரை நிமிர்ந்து பார்த்தது. பதவிக்கு வந்த பிறகு ஒரு பூனையின் முகத்தை அவர் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"வரும்ங்கய்யா," என்றாள் டீச்சர், கட்டிலில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து கணவரோடு ஒட்டிக்கொண்டு. "உப்பு மட்டும் எதிர்பாக்காதீங்க."